மின்மட்டையும் கொல்லாமையும்: ஓர் அறவியல் நோக்கு

கொலை பற்றிய அறவியல் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பெரிய கொலைகளையே பொருளாகக் கொள்கின்றன. போர், மரண தண்டனை, கருணைக்கொலை, உணவுக்காக விலங்குகளைக் கொல்லுதல் ஆகியன பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. ஆயினும் சாதாரண மனிதன் ஒருவன் தன் வாழ்நாளிலே வேண்டுமென்றே, தன் கையாலேயே, கண்ணாற் கண்டு செய்யும் கொலைகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை நுளம்பு, இலையான், எறும்பு, கரப்பான் முதலிய சிற்றுயிர்களின் கொலைகளாகவே இருக்கும். எண்ணிக்கையில் மிகுந்தும் எண்ணத்திற் குறைந்தும் உள்ள இச்செயல், ஆராய்ச்சிக்குத் தகுதியற்றதெனத் தள்ளப்படுவதே வழக்கம். ஆனால் ஒருவருடைய அறக்கோட்பாடு உண்மையிற் சோதிக்கப்படுவது, எவரும் கேள்வி கேட்காத இடத்திலேயாகும்.

இச்செயலுக்கு அண்மைக் காலத்திலே புதியதொரு கருவி வாய்த்துள்ளது. பந்தாடும் மட்டையின் வடிவில் அமைந்து, மின்கலத்தால் இயங்கி, பறக்கும் பூச்சியைத் தொட்ட மாத்திரத்திற் கொல்லும் மின்மட்டையே அது. நகரத்துக் கடைகளிலும் நடைபாதை வியாபாரிகளிடத்தும் மலிவாகக் கிடைக்கும் இக்கருவி, இன்று இலங்கையின் எண்ணற்ற வீடுகளிலே நுளம்பு வலைக்கும் நுளம்புத்திரிக்கும் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. நுளம்பைக் கொல்வது தவறா என்பது பழைய வினா. கொல்லுதல் எளிதாகவும் விளையாட்டாகவும் ஆக்கப்படுமிடத்து, கொல்பவனுக்கு யாது நேர்கின்றது என்பது இக்கருவி எழுப்பும் வினா. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாயினும் ஒன்றல்ல. முன்னதற்கு விடை கண்டுவிட்டால் பின்னதும் தானே தீர்ந்துவிடும் என்று கருதுவதே இவ்விடயத்திற் பலரும் செய்யும் பிழையாகும்.

கருவியும் அதன் இயல்பும்

மின்மட்டைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1900ஆம் ஆண்டிலே றொபேட் மொன்ற்கொமெறி என்னும் அமெரிக்கர் கம்பிவலையாலான இலையான்கொல்லி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வலையினூடே காற்றுச் செல்லுமாதலால், வீசும்போது எழும் காற்றசைவு குறைந்தது. இலையான் அதனை உணர்ந்து தப்பும் வாய்ப்பும் குறைந்தது. மின்சாரத்தால் இலையான்களைக் கொல்லும் பொறியொன்றைப் பற்றிய விவரணம் 1911இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிலே வெளியாயிற்று. பின்னர் ஒளியினாற் பூச்சிகளைக் கவர்ந்து மின்கம்பிகளாற் கொல்லும் விளக்குப்பொறிகள் தோன்றின. கையிலேந்தத்தக்க மின்மட்டைக்கான காப்புரிமை 1990களின் நடுப்பகுதியிலே தைவானைச் சேர்ந்த ஒருவருக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்டது. அதன் பின்னரே இக்கருவி ஆசிய நாடுகளெங்கும் பரவலாயிற்று.

இதன் தொழிற்பாடு எளியது. பிடிக்குள்ளே சிறு மின்கலங்கள் இருக்கும். அழுத்தியை அழுத்தியதும் மின்கலத்தின் நேரோட்டம் ஆடலோட்டமாக மாற்றப்பட்டு, சிறியதொரு நிலைமாற்றியினால் உயர்த்தப்பட்டு, இருவாயிகளும் கொள்ளளவிகளும் சேர்ந்த சுற்றினால் மேலும் பெருக்கப்படுகின்றது. ஓரிரு மின்கலங்களின் சில வோல்ற்று அழுத்தம் இவ்வாறு ஏறத்தாழ 500 முதல் 3000 வோல்ற்று வரை உயர்கின்றது. மட்டையின் முகத்திலே பெரும்பாலும் மூன்று அடுக்கு வலைகள் உள்ளன. வெளியேயுள்ள இரண்டும் ஒரு முனையோடும், நடுவேயுள்ளது மறுமுனையோடும் தொடுக்கப்பட்டிருக்கும். பூச்சியின் உடல் இவற்றிடையேயுள்ள வெளியை நிரப்பும்போது மின்னிறக்கம் நிகழ்கின்றது. பொறியொன்று தெறித்து ஒலியெழுகின்றது. சேமிக்கப்பட்ட மின்னேற்றம் மிகச் சிறிதாகையால், அது மனிதனுக்குச் சுருக்கென்றதோர் அதிர்ச்சியாக அமையும். நுளம்புக்கு அதுவே மரணமாகும்.

அறவியல் நோக்கிலே இக்கருவியின் மூன்று இயல்புகள் கவனத்திற்குரியன. முதலாவது, முயற்சிக் குறைவு. கையால் அடிப்பவன் குறிபார்க்க வேண்டும்; பலமுறை தவறவும் வேண்டும். மட்டையோ காற்றிலே அசைந்தாற் போதும். இரண்டாவது, தூய்மை. கையால் அடித்தவனது உள்ளங்கையிலே குருதிக் கறை எஞ்சும். அக்குருதி பெரும்பாலும் அவனுடையதே. மட்டையை வீசியவனிடம் எதுவும் எஞ்சுவதில்லை. மூன்றாவது, காட்சித்தன்மை. பொறியும் ஒலியும் செயல் நிறைவேறியமையை உடனே அறிவிக்கின்றன. வேட்டையிலே குறி தப்பாத வேடனுக்குக் கிடைக்கும் நிறைவு, இங்கு அடுக்களைக் கதவருகே நிற்பவனுக்கும் கிடைத்துவிடுகின்றது.

மரபு கூறுவன

தமிழ் மரபிலே கொல்லாமை பற்றிய சிந்தனை ஆழமானது. திருக்குறள் அதற்குத் தனியோர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. ஆயினும் அவ்வதிகாரம் இல்லறவியலில் அமையாது துறவறவியலில் அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. முற்றான கொல்லாமை துறவிக்கு உரியது என்பதும், இல்லறத்தானின் வாழ்வு அதனை நோக்கிச் செல்ல வேண்டியதாயினும் அதனை முற்றாக எட்டவியலாதது என்பதும் இவ்வைப்புமுறையினாற் பெறப்படும் ஒரு கருத்தாகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் மாணவருக்கென எழுதிய பாலபாடத்திலே கொலை பற்றித் தனியே எழுதினார் என்பதை நோக்கின், இது துறவியருக்கு மட்டுமன்றி இளம் மாணவருக்கும் கற்பிக்கப்பட்ட அறமாயிருந்தமை புலனாகும்.

இல்வாழ்வான் கொலையை முற்றாகத் தவிர்க்கவியலாது என்ற உணர்வு வடமொழி அறநூல்களிலும் உண்டு. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என மனுநூல் கூறும். அவற்றால் நேரும் குற்றத்துக்குக் கழுவாயாகவே நாள்தோறும் செய்யவேண்டிய ஐந்து வேள்விகளை அது விதிக்கின்றது. சடங்கை ஒருபுறம் வைத்து நோக்கினும், இக்கருத்திலே ஓர் உண்மை உண்டு. தவிர்க்கவியலாத கொலையையும் ‘ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிடாமல் கணக்கில் வைத்தல் என்பதே அது.

சமணர் இதனை மேலும் நுணுக்கமாக வகுத்தனர். மனம் துணிந்து செய்யும் கொலை, வீட்டுத் தொழில்களால் நேரும் கொலை, பிழைப்புத் தொழிலால் நேரும் கொலை, தற்காப்புக்காகச் செய்யும் கொலை என நான்காகப் பிரித்து, இல்லறத்தான் முதலாவதை அறவே விடவேண்டும் என்றும், ஏனையவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும் என்றும் அவர்கள் விதித்தனர். மின்மட்டை இவற்றுள் எவ்வகையினது? கடிக்க வந்த நுளம்பை நோக்கி வீசப்படும்போது அது தற்காப்பு. கடிக்காது மூலையிலே தங்கியிருந்ததைத் தேடிச்சென்று, பொறி தெறிப்பதைக் காணும் ஆவலோடு வீசப்படும்போது அது துணிந்து செய்யும் கொலை. கருவியும் ஒன்றே, கையும் ஒன்றே, பூச்சியும் ஒன்றே. ஒரு வகையிலிருந்து மற்ற வகைக்குச் செயல் நழுவிச் செல்வதை வெளியிலிருந்து எவரும் காணவியலாது. செய்பவனே அதனைக் காணவேண்டும்.

பௌத்த மரபின் பங்கும் இங்கு சிந்திக்கத்தக்கது. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து உரைகள் வகுத்த புத்தகோசரின் மரபுப்படி, உயிரொன்று இருத்தல், அது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் இறப்பு நேர்தல் ஆகிய ஐந்தும் கூடியவிடத்தே உயிர்க்கொலை என்னும் வினை நிறைவுறும். நடந்துசெல்பவனின் காலடியில் எறும்பு நசுங்கினால் இவ்வைந்தும் கூடுவதில்லை. நுளம்புத்திரியை ஏற்றிவிட்டு உறங்குபவனிடத்தே எண்ணம் மங்கலாயுள்ளது; நுளம்பு சாகினும் சரி, விலகினும் சரி என்றே அவன் கருதுகின்றான். மின்மட்டையை வீசுபவனிடத்திலோ ஐந்தும் ஐயத்துக்கிடமின்றிக் கூடுகின்றன.

புத்தகோசர் மேலும் ஓர் அளவுகோலைத் தருகின்றார். கொல்லப்படும் உயிர்கள் உருவிலும் குணத்திலும் ஒத்தனவாயின், கொல்பவனின் மனமாசு எவ்வளவு வலியது, முயற்சி எவ்வளவு கடியது என்பவற்றைக் கொண்டே குற்றத்தின் அளவு துணியப்படும். இவ்வளவுகோலை மின்மட்டைக்குப் பொருத்தினால் ஒரு சிக்கல் தோன்றுகின்றது. முயற்சி குறைவாதலாற் குற்றமும் குறைவு என்று ஒருவர் வாதிடலாம். ஆயின் பழைய காலத்தில் முயற்சியின் கடுமை, உள்ளத்தின் உறுதியைக் காட்டும் அடையாளமாக இருந்தது. முயற்சி முழுவதையும் கருவியே ஏற்றுக்கொண்ட பின்னர் அவ்வடையாளம் பயனற்றுப்போகின்றது. எஞ்சி நிற்பது கொல்பவனின் மனநிலை ஒன்றே. எனவே கருவி எளிதாக ஆக, மனநிலை பற்றிய விசாரணை கடுமையாக வேண்டுமேயன்றித் தளரலாகாது.

தேவை என்னும் நியாயம்

இவற்றுக்கு எதிராக நிற்கும் நியாயம் வலுவானது. நுளம்பு வெறும் தொல்லை மட்டுமன்று. 1897ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 20ஆம் நாள், செகந்திராபாத்திலே றொனால்ட் றொஸ் நுளம்பொன்றின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். அதன் பின்னர் நுளம்பைப் பற்றிய அறச்சிந்தனை பழையபடி இருக்கவியலாதாயிற்று. அதற்கு முன் அது கடிக்கும் சிற்றுயிர். அதற்குப் பின் நோய் காவும் உயிர்.

இலங்கை இதனைப் பெரும் விலை கொடுத்து அறிந்த நாடு. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தமையால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியிலிருந்து 1935 வரை நீடித்த கொள்ளைநோயினால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அண்மைக் காலத்திலோ டெங்கு அவ்விடத்தைப் பிடித்துள்ளது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயினரெனப் பதியப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். மலேரியாக் கிருமியை அழிக்க மருந்துகள் உள்ளன. டெங்கு வைரசை அழிக்கும் அத்தகைய மருந்து இல்லை. இந்நிலையிலே குழந்தையொன்றின் தொட்டிலருகே பறக்கும் நுளம்பைக் கொல்லத் தயங்குமாறு ஒரு தாயிடம் கூறுவது அறமாகாது. அவளது கடமை ஐயத்துக்கிடமற்றது.

உயிர்மீது பெருமதிப்பு வைக்கவேண்டும் என்பதைத் தம் அறவியலின் அடிப்படையாகக் கொண்ட அல்பேட் சுவைற்சரும் இத்தகைய முரண்பாட்டையே எதிர்நோக்கினார். ஆபிரிக்காவின் லம்பறீனிலே மருத்துவமனை நடத்திய அவர், நோயாளியைக் காக்கவேண்டின் நோய்க்கிருமியைக் கொன்றேயாக வேண்டும் என்பதை அறிந்திருந்தார். தேவை கொலையை நியாயப்படுத்தலாம்; ஆனால் அது தேவைதானா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்கும் பொறுப்பிலிருந்து எவரும் விடுபடுவதில்லை என்பதே அவர் கோட்பாட்டின் சாரம்.

அவ்வினாவை மின்மட்டை தொடர்பாகக் கேட்பின், சுவையான ஓர் உண்மை வெளிப்படுகின்றது. டெங்குவைக் காவும் ஈடிஸ் நுளம்பு பெரும்பாலும் பகலிலே, அதிலும் காலையிலும் பிற்பகலிலும் கடிப்பது. மின்மட்டை மிகுதியாக வீசப்படுவதோ விளக்கேற்றிய பின்னர், வீட்டார் யாவரும் கூடியிருக்கும் வேளையிலே. அவ்வேளையில் நகர்ப்புற வீடுகளிற் பறப்பவை பெரும்பாலும் அழுக்குநீர் வடிகால்களிற் பெருகும் கியூலெக்ஸ் இனத்தவை. இவ்வினத்தால் முன்னர் பரவிய யானைக்கால் நோய், ஒரு பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் ஒழிக்கப்பட்டுவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆகவே டெங்குவின் பேரால் நியாயப்படுத்தப்படும் கொலைகளுட் பல, உண்மையிலே உறக்கத்துக்காகவும் எரிச்சல் தீர்வதற்காகவும் செய்யப்படுவனவாகும். உறக்கமும் ஒரு தேவையே. அதனை இழிவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் சொல்லப்படும் நியாயம் ஒன்றும், செய்யப்படும் செயலின் காரணம் வேறொன்றுமாக இருக்குமிடத்து, மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளத் தொடங்குகின்றான். கொலை தொடர்பாக ஏற்படும் தன்னேமாற்று, நுளம்போடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

வலி பற்றிய வினா

நுளம்புக்கு வலிக்குமா? வலியுணர்வு உண்டா என்பதே ஓர் உயிரை அறத்தின் எல்லைக்குட் கொள்வதற்கான அளவுகோல் என்று 1789இல் ஜெறமி பெந்தாம் வாதித்தார். பூச்சிகள் வெறும் பொறிகளே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இன்று அவ்வெண்ணம் தளர்ந்துவருகின்றது. 2022இல் வெளிவந்த ஆய்வு மீள்நோக்கு ஒன்று, வலியுணர்வைத் துணிவதற்கான எட்டு அளவுகோல்களுள் ஆறினை இலையான், நுளம்பு ஆகியவற்றை உள்ளடக்கிய பூச்சி வரிசையின் முதிர்ந்த நிலையிலுள்ளவை நிறைவுசெய்வதாக மதிப்பிட்டது. இது வலி உண்டென்பதற்கு முடிந்த முடிபன்று. ஆனால் இல்லையென்று உறுதியாகக் கூறும் உரிமையை அது பறித்துவிடுகின்றது.

அதே 2022ஆம் ஆண்டிலே பிரித்தானியா இயற்றிய விலங்குநலச் சட்டமொன்று, முள்ளந்தண்டுள்ள விலங்குகளோடு நண்டு, கணவாய் முதலியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது, பூச்சிகளை ஏற்கவில்லை. தொல்காப்பிய மரபியலிலே உயிர்கள் அறிவின் அளவால் வகுக்கப்படுமிடத்து, நண்டும் தும்பியும் நாலறிவுயிராக ஒரே வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. எது நவீன அறிவியலுக்கு நெருங்கியது என்று போட்டி நடத்துவது இங்கு நோக்கமன்று. எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதிற் காலந்தோறும் மனிதர் வேறுபட்டுள்ளனர் என்பதும், சிறகுள்ள சிற்றுயிரை அறிவுடையவற்றின் வரிசையிலே சேர்த்து எண்ணும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று என்பதுமே இதனாற் பெறப்படும்.

வலி பற்றிய ஐயம் நிலவுமிடத்து, கொல்லவேண்டியதாயினும் விரைந்தும் முற்றாகவும் கொல்லுதல் கடமையாகும். இவ்வகையில் மின்மட்டை எப்போதும் பழுதற்றதன்று. மின்கலம் தளர்ந்த மட்டை பூச்சியைக் கொல்லாது மயக்கிவிடுகின்றது. வலையிற் சிக்கியது அரைகுறையாகக் கருகித் துடிப்பதும் உண்டு. அதனைப் பார்த்துக்கொண்டே மீண்டும் மீண்டும் பொறியெழுப்புவோரும் உளர். இங்கேதான் தேவை என்னும் நியாயம் முற்றாக முடிவுறுகின்றது.

கொல்லும் முறையும் கொல்பவனும்

உரோமப் பேரரசன் தொமித்தியன், ஆட்சியின் தொடக்கத்திலே தனியறையில் அமர்ந்து இலையான்களைப் பிடித்துக் கூரிய எழுத்தாணியாற் குத்திக்கொண்டிருந்தான் என வரலாற்றாசிரியர் சுவெற்றோனியசு எழுதியுள்ளார். அரசனுடன் உள்ளே யாரேனும் உளரோ என்று ஒருவர் வினவ, ஓர் இலையானுமில்லை என்று அரசவையார் ஒருவர் விடையிறுத்தாராம். பின்னாளிலே அவனது கொடுங்கோன்மையை அறிந்தோர் இக்கதையை மறவாமற் கூறிவந்தனர். இலையான் குத்தியதனால் அவன் கொடுங்கோலனானான் என்பது இதன் பொருளன்று. தன்னை எதிர்க்கவியலாத உயிரின்மேல் செலுத்தும் ஆற்றலிலே இன்பங்காணும் மனம், ஓரிடத்திற் பழகியதை வேறிடத்திலும் தேடும் என்பதே கதையின் உட்கிடை.

ஜோன் லொக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலிலே, சிறு பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வதைத்து மகிழும் பிள்ளைகளின் பழக்கத்தைப் பெற்றோர் தொடக்கத்திலேயே கண்டு திருத்தவேண்டும் என்றார். விலங்குகளுக்கு நேரடியாகக் கடமைப்பட்டிருப்பதாக ஏற்காத கான்ற்றும், விலங்குகளிடத்துக் கொடுமை பழகியவன் மனிதரிடத்தும் கடினமனத்தனாவான் என்று எச்சரித்தார். பூச்சிக்கு உரிமை உண்டென்பாரும் இல்லையென்பாரும் ஒன்றுபடும் புள்ளி இதுவே. கொலையில் இன்பங்காண்பது, கொல்லப்படுவது எதுவாயினும், காண்பவனைக் கெடுக்கும்.

மின்மட்டை விளையாட்டுப் பொருளின் வடிவைப் பெற்றிருப்பது இவ்விடத்திலேதான் பொருளுடையதாகின்றது. அதன் பிடியும் முகமும் பந்தாட்ட மட்டையை நினைவூட்டுகின்றன. வீச்சும் அவ்வாட்டத்தின் வீச்சே. பொறியொலி வெற்றியின் அறிவிப்பாகின்றது. சிறுவர் எத்தனை நுளம்பு வீழ்த்தினர் என்று எண்ணிப் போட்டியிடுவதும், பெரியோர் அதனைக் கண்டு சிரிப்பதும் அரிய காட்சிகளல்ல. நுளம்புத்திரியை ஏற்றும் எந்தச் சிறுவனும் அவ்வாறு எண்ணிக் களிப்பதில்லை.

ஆயின் இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நுளம்புத்திரியும் தெளிமருந்தும் கண்காணாமற் கொல்கின்றன; கொல்பவனோ உறங்குகின்றான். அவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு கொல்வதிலும், கண்ணால் கண்டு கொல்வது நேர்மையானதன்றோ? மேலும் விளைவை நோக்கின், மின்மட்டையே கருவிகளுள் மிகவும் பகுத்தறியத்தக்கது. 1996இல் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், மின்விளக்குப் பொறிகளிலே கொல்லப்பட்ட 13,789 பூச்சிகளை ஆராய்ந்தபோது, கடிக்கும் பூச்சிகள் 31 மாத்திரமே எனக் கண்டனர். எஞ்சியவற்றுட் பல தீங்கற்றவை. நன்மை செய்வனவும் அவற்றுள் இருந்தன. அப்பொறி எதனையும் தெரிந்தெடுப்பதில்லை. மட்டையை ஏந்தியவனோ தும்பியை விட்டு நுளம்பை மட்டும் அடிக்கலாம்.

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எண்ணத்தை அளவுகோலாகக் கொண்டால் மின்மட்டை மிகத் தெளிவான கொலை. விளைவை அளவுகோலாகக் கொண்டால் அதுவே மிகக் குறைந்த கேடு. இம்முரண்பாடு தோற்றமளவிலானதே. இரு கூற்றுகளுக்கும் அடிப்படை ஒன்று. மட்டையை ஏந்தியவன் தான் செய்வதைக் காண்கின்றான். ஆதலால் அவன் பொறுப்பு மிகுதி. ஆதலாலேயே அவனுக்கு நிறுத்தும் ஆற்றலும் உண்டு. காணாதவனாற் பகுத்தறியவும் இயலாது, தன்னை அடக்கவும் இயலாது. பொறுப்பு மிகுவது கருவியின் குறையன்று. கண்டதை வேடிக்கையாக்கிக்கொண்டு பொறுப்பைக் கைவிடுவதே குறை.

வீட்டுக்குள் மட்டை, வெளியே தேங்கிய நீர்

இதுவரை நோக்கியது தனிமனித அறம். இதற்கொரு சமூகப் பக்கமும் உண்டு. ஈடிஸ் நுளம்பு வீட்டைச் சுற்றியுள்ள பூச்சாடித் தட்டிலும், எறியப்பட்ட ரயரிலும், சிரட்டையிலும், கூரைப் பீலியிலும் தேங்கும் நீரிலே பெருகுவது. அதன் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் தாக்குப்பிடித்து, மழை வந்ததும் பொரிக்கும். ஒரு சிரட்டை நீரிலிருந்து ஒரு வாரத்தில் வெளிவரும் நுளம்புகளை, மட்டை ஏந்திய ஒருவன் மாலைதோறும் நின்றாலும் ஒழிக்கவியலாது. இதனை அறிந்தும், காணியைத் துப்புரவு செய்யாமல் மட்டையை வாங்கி வைப்பவன், தான் குறைத்திருக்கக்கூடிய கொலைகளைத் தானே பெருக்குகின்றான். முட்டையிட இடமளிக்காதிருந்தால் பிறந்திரா உயிர்களைப் பிறக்கவிட்டுக் கொல்லுகின்றான். அதுமட்டுமன்று, மட்டை அவனது அறைக்குள் மட்டுமே காவல் செய்யும். அவனது சிரட்டையிற் பிறந்த நுளம்பு அயலவனின் பிள்ளையையும் கடிக்கும்.

பொதுச் சுகாதாரம் என்பது யாவரும் சேர்ந்து தாங்கவேண்டிய சுமை. அது தளருமிடத்து, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குத் தனித்தனியே பாதுகாப்பை விலைக்கு வாங்குகின்றனர். வாங்கியவுடன் வடிகாலைப் பற்றி உள்ளூராட்சி மன்றத்திடம் கேட்கவேண்டும் என்ற எண்ணமும் மங்கிவிடுகின்றது. வாங்கவியலாதோரும் வலையின்றி உறங்குவோரும் தனித்து விடப்படுகின்றனர். இவ்வகையிலே மின்மட்டை, கொலைக்கருவி என்பதிலும் பார்க்க ஒரு சமாதானக் கருவியாகவே அஞ்சத்தக்கது. ஏதோ செய்துவிட்டோம் என்ற மனநிறைவை அது மிக மலிவாகத் தந்துவிடுகின்றது.

இலங்கையின் மலேரியா வரலாறு இங்கு பாடமாகும். 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பயனாக மலேரியா வேகமாகக் குறைந்து, 1963இல் 17 நோயாளரே பதியப்பட்டனர். வெற்றி கிட்டியதென்று விழிப்புத் தளர்ந்தது. 1968-69 காலப்பகுதியில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் பல பதிற்றாண்டுகளாகத் தெளிப்பதோடு நில்லாது, குருதியைச் சோதித்தல், நோயாளரைத் தேடிச்சென்று மருந்தளித்தல், ஒவ்வொரு நோயாளரையும் பின்தொடர்ந்து கண்காணித்தல் ஆகிய பொறுமையான பணிகள் நடைபெற்றன. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012இற் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. நோய் அகன்றது, அதனைக் காவிய அனோபிலிஸ் நுளம்பு இன்றும் நாட்டில் உள்ளது. நோயை வெல்வதற்கு நுளம்பினத்தையே அழிக்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. வொல்பாக்கியா என்னும் பற்றீரியத்தை ஈடிஸ் நுளம்பினுட் புகுத்தி, அது வைரசைக் கடத்தாதவாறு செய்யும் முறையும் பல நாடுகளிலே கையாளப்படுகின்றது. அதிலும் நுளம்பு வாழ்கின்றது. அதன் தீங்கே குறைக்கப்படுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். நோய் காவும் உயிரிடமிருந்து தன்னையும் தன் பிள்ளைகளையும் காத்தல் மனிதனின் கடமை. அதற்கு மின்மட்டையைப் பயன்படுத்துவது குற்றமன்று. ஆயினும் தேவை கொலைக்கு மட்டுமே அனுமதி தருகின்றது. களிப்புக்கு அது அனுமதி தருவதில்லை. கொல்லாமை என்னும் அறத்தை முற்றாகக் கைக்கொள்ளவியலாத இல்லறத்தான், அதனை முற்றாகக் கைவிட்டவனாகவும் ஆகிவிடுவதில்லை. அவ்விரண்டுக்குமிடையேயுள்ள அகன்ற வெளியிலேதான் பெரும்பாலான மனித வாழ்க்கை நடைபெறுகின்றது. அவ்வெளிக்கும் அறம் உண்டு. தேவையின்றிக் கொல்லாமை, கொல்லும்போது வதையாமை, கொன்றதைக் கொண்டாடாமை, கொல்லவேண்டிய நிலை தோன்றாதவாறு முன்னரே செய்ய வேண்டியதைச் செய்தல் என்பனவே அது.

இவற்றுள் இறுதியானதே முதன்மையானது. இரக்கமுள்ளவனும் சுகாதாரம் பேணுபவனும் இறுதியிலே ஒரே இடத்துக்கே வந்து சேர்கின்றனர். தேங்கிய நீரை ஊற்றிவிட்டுச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும் இடம் அது. அங்கே பொறி தெறிப்பதில்லை, ஒலி எழுவதில்லை, எத்தனை நுளம்பு குறைந்தது என்று எண்ணிச் சொல்லவும் இயலாது. பயனுள்ள அறச்செயல்கள் பல இவ்வாறு காட்சியின்றியே நிகழ்கின்றன. காட்சியை விரும்பும் கண்ணுக்கு அவை சிறியனவாகத் தோன்றுதல் இயல்பு. அக்கண்ணைப் பழக்குவதே கல்வியின் வேலை.